அண்ணன் பேருக்கு வந்த தபால்

அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் அவன் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. யாரும் கேட்டு வந்ததல்ல. வடக்கே ஏதோ ஒரு ஊரிலிருந்த புத்தகக் கம்பெனி தானாகவே அனுப்பியிருந்தது. தடித்த பழுப்பு அட்டை, அதன் மேல் டைப் அடித்த அண்ணன் பெயர், பெயருக்கு முன்னால் ஒரு மிஸ்டர். அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவில் அதுவரை அவனை யாரும் மிஸ்டர் என்று சொன்னதில்லை. வேறு விதமாகத்தான் சொல்லுவார்கள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் இன்றுவரை திரும்பி வரவில்லை. கடைசியில் வந்துவிடுவான் என்று படிக்கிறவர்கள் காத்திருக்க வேண்டாம். நாங்கள் காத்திருந்ததே போதும்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் வேலை. காலையில் ஏரிக்கரை வழியாக சைக்கிளில் போவார், பொழுது சாயும்போது இரும்புத்தூள் வாசனையோடு வருவார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் கடன் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், மனுஷர் வேறு ஆளாகிவிடுவார். தெருவில் எல்லோருக்கும் மளிகைக்கடையில் கணக்கு உண்டு, எங்களுக்கு மட்டும் கிடையாது. மாசக் கடைசியில் அம்மா புளித்தண்ணீரையும் உப்பையும் வைத்துச் சமாளிப்பாள். அப்பாவின் அப்பாவை வட்டிக்காரன் நடுத்தெருவில் நிற்க வைத்துப் பேசியதை அப்பா சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்தாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாயால் அதைச் சொன்னதே இல்லை.

அண்ணன் அப்படியே நேர் எதிர். கையில் காசு வருவதற்கு முன்னாலேயே செலவு செய்து முடித்துவிடுவான். பிளஸ் டூவில் தேறவில்லை. அப்பா தன் கம்பெனியிலேயே ஹெல்ப்பர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார், இவன் போகவில்லை. குமணன்சாவடியில் லாரி ஷெட் ஒன்றில் யாரோ வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டான். கைக்கடிகாரம், வி.பி.பி.யில். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொள்ள வேண்டும். அது வந்து சேருவதற்குள் சம்பளம் வாங்கிவிடலாம் என்பது இவன் கணக்கு. லாரி ஷெட் வேலை வரவில்லை, கடிகாரம் வந்துவிட்டது.

அது வந்தது அப்பா வீட்டில் இருந்த நாளில். தபால்காரர் வாசலில் நின்று தொகையைச் சொன்னார். எதிரே தெருக்குழாயில் குடத்தோடு நின்றவர்கள் எல்லோருடைய காதும் எங்கள் வாசலில்தான் இருந்தது. அப்பா, "நாங்க எதுவும் கேக்கலபா, திருப்பி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். சாயங்காலம் அண்ணன் வந்ததும் பெல்ட்டைக் கழற்றினார். அம்மா குறுக்கே விழுந்தாள், அவளுக்கும் இரண்டு பட்டது. அண்ணன் அழவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டான். மறுநாள் காலையில் பூந்தமல்லிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அவன் பையும் இரண்டு சட்டையும் இல்லை என்பதை ராத்திரிதான் கவனித்தோம்.

அதற்குப் பிறகு பல மாசம் லீவு நாள் ஒன்றைக்கூட அப்பா வீட்டில் கழிக்கவில்லை. சென்ட்ரல், எழும்பூர், பெங்களூர் ரோட்டில் இருக்கிற லாரி ஷெட்கள் எல்லாவற்றுக்கும் போட்டோவை எடுத்துக்கொண்டு அலைந்தார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தோம். "ஆம்பளப் புள்ளதானே, பசிச்சா வந்துடுவான்" என்றார்கள். யாருக்கும் பசிக்காத ஊருக்கு அவன் போய்விட்டான் போலிருக்கிறது.

அம்மா தன் வழியில் தேடினாள். செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலில் அந்தோணியார் நவநாள் ஜெபம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர்தான். சாவி தொலைந்தாலும் அவரிடம்தான் சொல்லுவோம், கோழி தொலைந்தாலும் அவரிடம்தான். அம்மா பஸ்ஸுக்குக் காசு செலவழிக்காமல் நடந்தே போய், மெழுகுவத்தி ஏற்றி, ஏழைகளுக்குக் கொடுக்கிற ரொட்டிக்கு உண்டியலில் ஏதோ போட்டுவிட்டு வருவாள். புத்தகப் பார்சல் வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் கோயிலிலிருந்து திரும்பி, புடவைகூட மாற்றவில்லை.

"யம்மா, உம் புள்ள பேருக்கு ஏதோ பொஸ்தகம் வந்துகீது" என்றார் தபால்காரர். "அவன்தான் ஊர்ல இல்லியே. ஆள் இல்லன்னு எழுதி திருப்பி அனுப்பிடவா?"

"அப்டி எழுதாதீங்க அண்ணாத்தே" என்றாள் அம்மா. "ஆள் கீறான். ஊட்ல இல்ல, அவ்ளோதான். குடுங்க."

அவர் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அன்றைக்கு அந்த வார்த்தையை அவர் எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பார்சலின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அம்பத்தூர் ஓ.டி.யில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான்தான். படித்துச் சொன்னேன். புத்தகத்தைப் பார்க்கலாம், பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம், பிடிக்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். இரண்டும் செய்யாவிட்டால் வாங்கிக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். மாதம் ஒரு புத்தகம் வரும்.

"இது ஏமாத்து வேலம்மா. யாரும் கேக்காமலே அவனுங்களா அனுப்பறானுங்க" என்றேன்.

"கேக்காம எவனாச்சும் பொருள் குடுப்பானா? நம்ம தெருவுல கேட்டாலே குடுக்க மாட்டான்."

"அந்த வாட்சு கம்பெனிக்காரன் அட்ரஸ வித்திருப்பான்."

"நீ படிச்சிக்கினு இரு" என்றாள். "அவன்தான் எங்கியோ இருந்துகினு இந்த பொஸ்தகத்துக்கு எழுதிப் போட்டுகிறான். இருக்கற எடத்துல நிரந்தரமா இல்ல போல, அதான் ஊட்டு அட்ரஸ் குடுத்துகிறான். அப்போ இந்த ஊடு அவனுக்கு ஞாபகம் கீது. வாங்கிக்க வருவான்."

அவள் முகத்தைப் பார்த்ததும் பார்சலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். கோபம் மட்டும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். புத்தகம் படிக்கிற அண்ணன் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அவன் படித்ததெல்லாம் சினிமா போஸ்டரும் சலூனில் கிடக்கிற பேப்பரும்தான். ஆனால் அம்மாவுக்கு அது ஒரு தடையாகவே தெரியவில்லை. அந்தோணியாரிடம் கேட்டாள், செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. கோயிலுக்குப் போகிற எந்த அம்மாவும் அதைத் திருப்பி அனுப்பமாட்டாள்.

பார்சலைப் பிரிக்கவும் விடவில்லை. "அவன் பேர்ல வந்தத அவன்தான் பிரிக்கணும்" என்று அவனுடைய டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். அடுத்த மாதம் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. சீட்டிலிருந்து அதில் என்ன இருக்கிறது என்று நான் படித்துச் சொல்லுவேன். ஒன்று உலகத்துப் பறவைகள். ஒன்று வீட்டு ரிப்பேர் வேலைகளை நாமே செய்துகொள்வது எப்படி. ஒன்று குளிர்ப் பிரதேசத்துத் தோட்டங்கள். அம்மா ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்து, "போன மாசத்தவிட இது கனமா கீது" என்பாள். கனமாக இருந்தால் அவளுக்குத் திருப்தி. பதினைந்து நாள் கெடு என்பது ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோனது.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதல் கடிதம் ரொம்ப மரியாதையானது. "தங்கள் வேலைப்பளுவின் நடுவே பணம் அனுப்ப மறந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். நான் தமிழில் சொன்னதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலப்பளுவா? அவனுக்கா?"

சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் சிரிக்காதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அடுப்பில் இருந்த சோற்றை வடிக்கப் போய்விட்டேன்.

இரண்டாவது கடிதத்தில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. மூன்றாவதில் "அன்புள்ள" போய்விட்டது. நான்காவதில் தொகையைச் சிவப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். "கோவம் வந்துடுச்சு போல" என்றாள் அம்மா, பக்கத்து வீட்டுக்காரி கோபித்துக்கொண்டதைச் சொல்லுவதுபோல. எல்லாவற்றையும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அப்பா கண்ணில் படக்கூடாது என்பதற்காக. புத்தகங்கள் வருவது அவருக்குத் தெரியும். பிள்ளை பேருக்கு ஏதோ இனாமாக வருகிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். பில்லைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒருநாள் ரிஜிஸ்தர் தபால் வந்தது. வக்கீல் நோட்டீஸ். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். நான் டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து வந்ததும் வராததுமாக, "படி" என்று நீட்டினாள். படித்தேன். இத்தனை நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவோம் என்றிருந்தது. அதற்குக் கீழே, முகவரி மாறி நாட்டின் எந்த மூலைக்குப் போயிருந்தாலும் தங்களைத் தேடிக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கப்படும் என்றிருந்தது.

"அந்தக் கடைசி வரிய மறுபடி சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"எந்த மூலைக்குப் போயிருந்தாலும்னா போட்டுகீறான்?"

"ஆமாம்மா."

"கண்டுபுடிப்போம்னு?"

"ஆமா."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பயப்படவில்லை. "போலீஸ் தேடல" என்றாள் மெதுவாக. "நாம சொன்னா யார் தேடுவாங்க? நமக்கு புள்ளதான் காணோம். இவனுங்களுக்கு காசு காணோம். காசுன்னா உடமாட்டானுங்க. தேடிக் கொண்டாந்துடுவானுங்க."

இப்படியெல்லாம் அச்சடித்த நோட்டீஸைக் கட்டுக்கட்டாக எல்லோருக்கும் அனுப்புவார்கள், இதற்கெல்லாம் யாரும் ஆளைத் தேடிக்கொண்டு கிளம்பமாட்டார்கள் என்று அவளோடு சண்டை போட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வக்கீல் பொய் சொல்லுவானா, அதுவும் ரிஜிஸ்தர்ல?" என்றாள்.

அவளுடைய திட்டம் இதுதான். பணம் கட்டக்கூடாது. கட்டிவிட்டால் தேடமாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அண்ணனை அடையாளம் தெரியாதே, நாம்தானே உதவி செய்ய வேண்டும். "கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுது" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். இடது புருவத்தில் தழும்பு இருக்கும், சின்ன வயதில் குழாயடியில் விழுந்தது. எழுதுவது இடது கை, சாப்பிடுவது வலது கை. தூங்கும்போது பல்லை நறநறவென்று கடிப்பான், பக்கத்தில் படுக்கிறவர்கள் சொல்லுவார்கள், விசாரித்தால் தெரியும். கத்திரிக்காய் தொடமாட்டான். ஓட்டலில் வேலை செய்தாலும் செய்வான், லாரியிலும் இருக்கலாம். பம்பாய் பம்பாய் என்று சொல்லிக்கொண்டிருப்பான், அங்கே முதலில் பார்க்கவும்.

"கோவம் வந்தா பேசமாட்டான், கொஞ்ச நேரம் உட்டா சரியாயிடுவான்னு போடு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புடிச்சா அடிக்கக் கூடாதுன்னு போடு. அத்த மொதல்ல போடு" என்றாள். கடைசியாக, "எவ்ளோ கட்டணுமோ நாங்க கட்டிடறோம், எம்புள்ளய மொதல்ல கண்ணுல காட்டச் சொல்லு" என்றாள்.

அதை இங்கிலீஷில் எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பல்லைக் கடிப்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்டிடியூட்டில் பயிற்சி நேரத்தில் அதை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். வியாபாரக் கடிதம் அடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். முழுவதையும் படித்தார். மேஜையிலிருந்து நல்ல வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துவந்து கொடுத்து, "இதுல அடிம்மா" என்று மட்டும் சொன்னார். அண்ணனுடைய போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்து ஒரு பிரதி எடுத்து, அதையும் உள்ளே வைத்து அனுப்பினோம்.

அதன் பிறகு அம்மா வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். தோளில் பை மாட்டிக்கொண்டு தெருவுக்குள் யார் நுழைந்தாலும் எழுந்து நிற்பாள். ஒருநாள் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காபி கலந்து கொடுத்து, "கோர்ட்லருந்தா வர்றீங்க? பம்பாயில பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவர் கிணற்றில் கொசு மருந்து ஊற்ற வந்தவர். காபியைக் குடித்துவிட்டு, எங்கள் கிணற்றில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார். ஒரு வாரம் அந்தத் தண்ணீர் நாறியது.

எங்கள் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. "இறுதி அறிவிப்பு" என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் வந்தது. எங்கள் கடிதத்தை எவனும் படிக்கவில்லை என்பது அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. "இறுதின்னா கிட்டக்க வந்துட்டாங்கன்னு அர்த்தம்" என்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள்.

அந்த வாரம் அப்பாவின் கம்பெனியில் கரண்ட் கட் லீவு. அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது சோறு வைக்கலாம் என்று அரிசிப் பானையை நகர்த்தியிருக்கிறார். டப்பா அகப்பட்டது. நான் வந்தபோது கடிதங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் சிவப்பு எண் என்ன என்று தெரியாதா?

எனக்குப் பெல்ட் ஞாபகம் வந்தது. அவர் கத்தவில்லை. "இது எல்லாம் அவன் பேர்ல கீற கடனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வக்கீல் நோட்டீஸைப் படிக்கச் சொன்னார், படித்தேன். அதே கடைசி வரியை அவரும் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி டப்பாவில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். "உங்கம்மா கிட்ட சொல்லாத" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வழக்கத்தைவிட சீக்கிரம் வந்தார். முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு மணியார்டர் ரசீதை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"எல்லாத்தையும் கட்டிட்டேன்" என்றார். "சொசைட்டில லோன் போட்டு கட்டிட்டேன்."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அப்பா, லோன். அந்த இரண்டு வார்த்தையும் ஒரே வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவர் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கோர்ட்டு கேஸுன்னு தெரிஞ்சா அவன் ஊட்டாண்ட வரவே பயப்படுவான். இனிமே அவன் பேர்ல ஒண்ணும் இல்ல. எதுவும் அனுப்ப வேணாம், பேர அடிச்சிடுங்கன்னு மணியார்டர்லயே எழுதச் சொல்லிட்டேன். தாராளமா வரலாம் அவன்." ரசீதின் மடிப்பை விரலால் நீவினார். "அன்னிக்கே அந்த வாட்சுக்குக் கட்டியிருக்கணும். கட்டியிருந்தா அவன் இங்கதான் இருந்திருப்பான்."

அண்ணன் போனதிலிருந்து அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள் என்று நான் நினைத்தேன். அவள் அழுவாள், அவர் அழுவார், ஏதோ ஒன்று சரியாகும் என்று நினைத்தேன்.

அம்மா ரசீதைக் கையில் எடுத்தாள். "கட்டிட்டீங்களா?" என்றாள்.

"கட்டிட்டேன்."

"பேர அடிக்கச் சொல்லிட்டீங்களா?"

"ஆமா."

"போலீசு தேடல" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க தேடினீங்க, கெடைக்கல. இவனுங்க மட்டும்தான் தேடறோம்னு சொன்னானுங்க. அத்தயும் காசு குடுத்து நிறுத்திட்டு வந்துகிறீங்க. இனிமே எம்புள்ளய யாருங்க தேடுவாங்க?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள், நாங்கள் என்ன கடிதம் எழுதினோம் என்பதை நான்தான் சொன்னேன். தழும்பு, இடது கை, பல்லைக் கடிப்பது, அடிக்கக் கூடாது என்று முதல் வரியில் போட்டது எல்லாம் சொன்னேன். அடிக்கக் கூடாது என்றதும் அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். கிணற்றடியில் வெகுநேரம் தண்ணீர் இறைத்துக் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தண்ணீர் எதுவும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். கோபத்தில் அல்ல. பேசுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், சைக்கிள் சத்தம் கேட்டால் விளக்கைப் போடுவாள். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு இங்கே ஒரு வார்த்தை, அங்கே ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருப்பேன். புத்தகம் வருவது நின்றுவிட்டது. கணக்கு முடிந்தது, பெயர் நீக்கப்பட்டது, நன்றி என்று ஒரு கார்டு வந்தது. பெயர் நீக்கப்பட்டது என்பதை நான் அம்மாவுக்குப் படிக்கவில்லை. நன்றி என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போவார். அம்மா செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனாள், ஆனால் பஸ்ஸில் போனாள். அவள் நடையில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டிருந்தது.

மழைக்காலம் வந்து ஏரி நிரம்பி, சுற்றுவழியில் அப்பா தாமதமாக வர ஆரம்பித்த சமயம். ஒரு சாயங்காலம் நனைந்துகொண்டே வந்தவர், தலையைக்கூடத் துவட்டாமல் என் முன்னால் ஒரு கார்டை வைத்தார்.

"அந்த பொஸ்தக கம்பெனிக்கு எழுது" என்றார். "அவன் பேர்ல எழுது. முன்ன மாதிரி மாசா மாசம் பொஸ்தகம் அனுப்பச் சொல்லு."

"காசு?" என்றேன்.

"கட்ட வேணாம்."

"திரும்பவும் நோட்டீஸ் வரும்பா."

"வரட்டும்" என்றார். "கோர்ட்டுக்குப் போவட்டும். தேடட்டும்."

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். நான் எழுதினேன். கீழே அண்ணன் பெயரைப் போட்டேன். மறுநாள் காலை அப்பாவே அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டார்.

ஒன்றும் வரவில்லை. மாதக்கணக்கில் பார்த்தோம். இன்னொரு கார்டும் எழுதிப் போட்டோம். யாரும் கேட்காதபோது மாதம் தவறாமல் அனுப்பியவர்கள், கேட்டபோது அனுப்பவில்லை. அவர்கள் கணக்குப் புத்தகத்தில் எங்கள் அண்ணன் என்று ஒருவன் இல்லாமல் போய்விட்டான்.

ஆனால் அந்தக் கார்டு போட்ட நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் உள்ளே பார்த்துக் கேட்பார், "எதனா வந்துச்சா?" யாரைக் கேட்கிறார் என்று சொல்லமாட்டார். முதல் சில நாள் நான்தான் இல்லை என்றேன். ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு வரல" என்றாள். "நாளைக்கு வரும். கை கழுவிக்கினு வாங்க, சாப்பிடலாம்."